ஸ்கேல் அண்ணன் தள்ளிப்போட்ட கையெழுத்து

இடது கை ரெக்ஸினைப் பிடிக்கவில்லை. வழி மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. வலது கை ஊசிக்குப் பின்னால் அதை வாங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் தையல் நீண்டுவிடும், தள்ளினால் சுருங்கிவிடும். இரண்டும் செய்யாமல் மெஷின் கேட்கிற வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். வளைவு வந்ததும் கால் மிதியை விட்டது. வலது கை மெஷின் சக்கரத்துக்குப் போய் ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கியது. ஒரு குத்து, துளி திருப்பல், அடுத்த குத்து. கட்டைவிரல் நகம் கொம்பு மாதிரி தடித்திருந்தது. பலகை மேல் ரெக்ஸினை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. தையல் சாயவில்லை.

அந்தக் கைகளுக்கு உரியவரை பஸ் டிப்போவில் எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்களுக்கு ஸ்கேல் அண்ணன். சம்பளம் கொடுக்கிறவர் ஒருமுறை அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, யாரும் எழுந்து வராததால், "அட, நம்ம ஸ்கேலுப்பா!" என்று சத்தம் போட வேண்டியதாயிற்று. மீசை அரும்பிய வயதில் டிப்போவின் சீட் தைக்கிற பிரிவில் நுழைந்தவர், முதுகு வளையும்வரை அங்கேயே இருந்தார். யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. கிழிந்து வந்த சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து, முன்னால் தைத்தவன் எங்கே தவறினான் என்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். அதனாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் அவர் கண்ணில் முதலில் படுவது தவறுதான். வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் தண்ணீர்கூட இறங்காது. "இவர் பொண்ணு பாக்க வந்தப்போ என் மூஞ்சியப் பாக்கல, எங்க வீட்டு ஜன்னல் திரையத்தான் பாத்தாரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. இப்போது அவர் உட்கார்ந்திருந்தது மகளின் கடையில். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறை, பாதி தூக்கிய ஷட்டர், ஒரு மெஷின், ஒரு நீள மேஜை, மூலையில் நிறுத்தி வைத்த ரெக்ஸின் சுருள்கள். மகள் பகலில் டிப்போவில் வேலை செய்கிறாள். அதே பிரிவு, அப்பா உட்கார்ந்த அதே முக்காலி. சாயங்காலம் வந்து கடையைப் பார்ப்பாள். கடைக்கு வாடகை போவது அவருடைய பென்ஷனிலிருந்து.

"என் கடையே உன் உடம்புலதாம்ப்பா ஓடுது. மாத்திரைய ஒழுங்காப் போடு" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்குவார்.

ஏனென்றால் மகளுக்குப் பென்ஷன் கிடையாது. அவள் வேலையில் சேர்ந்தபோது சட்டம் மாறிவிட்டிருந்தது. புதிதாகச் சேர்கிறவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து எங்கோ போட்டு வைக்கிறார்கள். வேலையை விட்டு வெளியே வருகிற அன்றைக்கு அது எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான். வளர்ந்திருக்குமா, வற்றியிருக்குமா என்று கேட்டால் பதில் சொல்ல டிப்போவில் ஆள் இல்லை. அதற்காகத்தான் அவள் இந்தக் கடையைப் பிடித்தாள். கை ஓய்வதற்குள் ஒரு தொழில் நிலைத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

இதுவரை வந்ததெல்லாம் ஸ்கூட்டர் சீட், சோபாக் கிழிசல் என்று சில்லறை வேலைகள். இப்போதுதான் ஒரு முழு வேலை வந்திருந்தது. பக்கத்துத் தெருவில் ஒருவர் புதிதாக சலூன் திறக்கிறார். மூன்று நாற்காலிகளின் சீட்டுப் பலகைகளையும் முதுகுப் பலகைகளையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாளைக் காலை திறப்பு. அதற்கு வரப்போகும் அவருடைய மாமா நான்கைந்து தனியார் பஸ்கள் வைத்திருப்பவர். "மாமா கண்ணுக்குப் பிடிச்சா அவர் வண்டி சீட்டெல்லாம் உங்களுக்குத்தாங்க்கா" என்று சலூன்காரர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மகள் சரியாகத் தூங்கவில்லை. இருட்டுவதற்குள் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. எல்லாப் பலகைகளையும் அவள் முடித்துவிட்டாள். ஒரே ஒரு சீட்டை மட்டும் அப்பாவிடம் விட்டுவிட்டு டிப்போவுக்குப் போயிருந்தாள். அதைத்தான் அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் மாறியது ஊருக்கே தெரிந்த கதை. அது மாறுவதற்கு முன்பே மகள் உள்ளே போயிருக்கலாம் என்பது அந்த வீட்டுக்கு மட்டும் தெரிந்த கதை.

டிப்போவில் அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. உடம்பு முடியாமல், வயதுக்கு முன்பே வேலையை விடுகிறவர், அதே தொழில் தெரிந்த பிள்ளை இருந்தால் தன் இடத்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். ஸ்கேலுக்கு முதுகு போயிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் வீட்டு மெஷினில் தைத்துப் பழகிக் காத்திருந்தாள். மேலிடமும் சரி என்றுவிட்டது. வேலையை விடும் தாளில் அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துப் புது பஸ்கள் வந்து நின்றன. உள்ளே எலும்புக்கூடு மாதிரி வெறும் இரும்பு. வழக்கமாகத் தைத்த சீட்டுகளோடுதான் வண்டி வரும். இந்த முறை டிப்போவிலேயே தைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நிறம், தையல், வடிவம் எல்லாம் ஸ்கேல் இஷ்டம். அவர் வாழ்நாளில் கிழிந்ததைத்தான் தைத்திருக்கிறார். புதிதாக ஒரு முழு வண்டியை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை.

தொழிற்சங்கத்தில் இருந்த டிரைவர் ஒருவர் அவருக்கு உயிர் நண்பர். தொண்டையைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பதால் ஹாரன் என்று பெயர். அவர் நேராக மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"டேய் ஸ்கேலு, தலைமை ஆபீஸ்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. புதுசா சேர்றவங்களுக்குப் பென்ஷன நிறுத்தப் போறாங்களாம். இன்னிக்கே கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு. பொண்ணு உள்ள வந்துட்டா அப்புறம் எவனும் கை வைக்க முடியாது."

"இந்த வண்டிங்க முடியட்டும்டா."

"வண்டி எங்கயும் ஓடிராது."

"நீயும் பல வருஷமா இதே பாட்டத்தான் பாடுற. ஹாரன் அடிச்சு அடிச்சே மனுஷனப் பயமுறுத்து."

ஃபோர்மேனும் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, உங்க பொண்ணு வந்து தைக்கட்டுமே. நீங்க வெளிய இருந்து வந்து பாத்துக்குங்க. நான் கேட்ல சொல்லி வைக்கறேன்."

"அவ கோடு இன்னும் நேராகலப்பா. இந்த வண்டில அவ கை பட்டா என் பேரு போயிரும்."

மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த மகள் கதவருகில் நின்றிருந்தாள். சாப்பாட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டை வைத்தது யார் என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை பாதி தாண்டியபோது, சீட்டு முதுகுகளுக்கு வந்த ரெக்ஸின் சுருள் ஒன்று மற்றதைவிட ஒரு சாயல் வெளுப்பு என்று கண்டுபிடித்தார். வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஃபோர்மேன் கும்பிட்டுக் கேட்டும் விடவில்லை. தைத்ததையெல்லாம் கழற்றி, வேறு சுருள் வரவழைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். வண்டிகள் கேட்டைத் தாண்டி வரிசையாக வெளியே போன அன்று, டிப்போ முழுக்க கைதட்டியது. அன்று சாயங்காலமே நிறைந்த மனத்தோடு கையெழுத்துப் போட்டார்.

மகளுக்கு வேலை ஆணை வந்தது. இடையில் சட்டமும் வந்திருந்தது. ஆணையை ஹாரன்தான் படித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு விரல் வைத்து. வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்கு அவர் சத்தமில்லாமல் பேசினார். "தப்பிப் போச்சுடா, ஸ்கேலு."

அன்று இரவு யாரும் அவரைத் திட்டவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். மகள், "வேலை கிடைச்சுதே, அது போதும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்தப் புது பஸ்களில் ஒன்றில் ஏறினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். முன்னால் இருந்த சீட்டின் முதுகில் யாரோ பிளேடால் நீளமாகக் கீறியிருந்தார்கள். கீறலுக்குள் விரலை விட்டு ஒரு சின்னப் பிள்ளை ஃபோமைக் கிள்ளிக் கிள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருந்தது. அதன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் பேனாவால் எழுதி, வேறு யாரோ அதை அடித்திருந்தார்கள். இரட்டைத் தையலில் எண்ணெய்த் தலையைச் சாய்த்து ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார். எந்த வரிசையில் ரெக்ஸின் ஒரு சாயல் வெளுப்பாக இருக்கிறது என்று அந்த வண்டியில் கேட்க ஒரு பிராணி இல்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார்.

அதற்குப் பிறகு பென்ஷன் வாங்குவதும் அவருக்குப் பழைய மாதிரி இல்லை. போன வாரம், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருவதற்காக ஹாரனோடு டிப்போ ஆபீசுக்குப் போனார். ஜன்னலுக்குள் இருந்த பெண் இருவர் முகத்தையும் பார்த்துத் தலையாட்டினாள்.

"பாத்தியா ஸ்கேலு," என்றார் ஹாரன், கட்டடமே கேட்கிற மாதிரி. "வருஷா வருஷம் நாம உயிரோட வந்து நிக்கறதப் பாத்து இந்தம்மா மூஞ்சில எவ்வளவு ஏமாத்தம்!"

ஜன்னல் பெண்ணே சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற இளம் மெக்கானிக் சிரிக்கவில்லை.

"ஐயா, உங்களுக்கு இந்த மாசம் வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"எங்களுக்கு இன்னும் சம்பளமே வரல. கேட்டா, பழைய ஆளுங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான்னு சொல்றாங்க. நாங்க கிழவனாகறப்போ இங்க சுவராவது இருக்குமா?"

அதற்குள் சத்தம் கேட்டு மகள் தன் பிரிவிலிருந்து வந்துவிட்டாள். "எங்க அப்பா என்ன பையில போட்டுக்கிட்டா போறாரு? அந்தக் காசுலதான் நான் கடை நடத்தறேன். கேக்கணும்னா மேல போய்க் கேளு. வா, நானும் வர்றேன்" என்றாள். மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கேட்டதில் தப்பொன்றும் இல்லை என்று ஸ்கேலுக்குத் தெரிந்தது. அதுதான் குத்தியது.

கேட் வரைக்கும் மகள் கூட நடந்து வந்தாள்.

"உன் பேத்தி நேத்து என்ன கேட்டா தெரியுமா? 'தாத்தா வேலைக்கே போறதில்ல, அவருக்கு ஏன் சம்பளம் குடுக்கறாங்க?'ன்னு. சொல்லிப் பாத்தேன், அவளுக்குப் புரியல. ஏதோ கதை கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தா."

அவர் நின்றுவிட்டார். இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே கிடந்தது அன்றைக்கு எப்படியோ வெளியே வந்தது. "எல்லாம் என்னாலதாம்மா. அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருந்தா உனக்கும் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்றாள் அவள். இல்லை என்று சொல்லி அவரைத் தேற்றவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "பென்ஷன் போனது கூட ஆறிப் போச்சுப்பா. என் கோடு நேராகலன்னு அந்த ஃபோர்மேன்கிட்ட சொன்னே பாரு, அது ஆறல" என்றாள்.

"நீ அங்க இருந்தியா?"

"சாப்பாடு தானா நடந்து வந்துச்சுன்னு நெனச்சியா?"

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டுக்கு வெளியே பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றார். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினார்.

இப்போது கடையில், கடைசி சீட்டின் தையல் முடிந்தது. உறையைப் பலகையில் மாட்டி, அடிப்பக்கம் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, மேஜையில் மற்றவற்றோடு வைத்தார். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சும்மா இருக்க வேண்டியதுதான். ஆனால் அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. மகள் தைத்து முடித்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஷட்டர் வழியே வந்த வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது முதுகுப் பலகையில், வலது தோள் வளைகிற இடத்தில், மேல்தையல் ஓர் அரிசி அகலம் விலகி, மறுபடி கோட்டுக்கு வந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் தைத்திருக்கிறாள்.

துணியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்துத் தைக்கலாம். ரெக்ஸினில் ஊசி போட்ட துளை போட்டதுதான், மூடாது. பக்கத்திலேயே இன்னொரு வரிசை துளை விழுந்தால் கையால் கிழித்துவிடலாம். ஆகவே அந்த முன்பக்கத் துண்டையே தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக வெட்டித் தைக்க வேண்டும். மூலையில் மிச்சம் இருந்த சுருளை அளந்து பார்த்தார். சரியாக ஒரு துண்டுக்குப் போதும். வெட்டி, தைத்து, மாட்ட நாளை விடிந்துவிடும். சலூன்காரரைக் காலையில் வரச் சொல்லலாம். திறப்பு கொஞ்சம் முன்னேபின்னே ஆகும். ஆனால் அந்த மாமா கண்ணில் இது பட்டால்?

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைகள் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, குறட்டால் அடிப்பக்கத்துப் பின்களைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டன. ஒரு ஓரம் முழுக்கக் கழன்றபோது போன் அடித்தது. மகள்.

"அப்பா, இங்க ஒரு வண்டிய நாளைக்கே அனுப்பணும்னு உயிர எடுக்கறாங்க, நான் வர லேட்டாகும். சலூன்காரர் கிளம்பிட்டாராம். நீயே எடுத்துக் குடுத்துரு."

"சரிம்மா."

"எல்லாம் முடிஞ்சுதுல்ல?"

"முடிஞ்சுது."

அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால் டிப்போவின் சுத்தியல் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் தச்சது எதையும் பிரிச்சு வைக்கலயே?"

"சேச்சே" என்றார், கையிலிருந்த குறட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல.

போனை வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். பிடுங்கிய பின்கள் மேஜையில் வளைந்து கிடந்தன. காலையில் வாங்க என்ற இரண்டு வார்த்தைகளை அவர் வாய் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தது. அவருக்குத் தன் மேலேயே பயம் வந்தது. இத்தனை நடந்த பிறகும், யாரும் கேட்காமலேயே, கை தானாக அதே காரியத்தைச் செய்திருக்கிறது. தள்ளிப்போட்ட ஒரு காரியம் என்ன ஆனது என்று பார்த்தவர்தான் அவர். அந்தப் பென்ஷன் காசு இனி எந்த வழியிலும் அவளுக்கு வரப்போவதில்லை. நாளைக் காலை திறப்புக்கு நாற்காலி தயாராகவில்லை என்றால் பஸ் சீட்டு வேலையும் வராது.

பின் அடிக்கும் துப்பாக்கியை எடுத்தார். ரெக்ஸினை இழுத்துப் பழைய மடிப்பிலேயே வைத்து அடிக்க ஆரம்பித்தார். இரண்டு பின்கள் கோணலாக இறங்கின. அவற்றைப் பிடுங்கவில்லை.

பாதி அடித்திருக்கும்போது சலூன்காரர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். "என்னங்க ஐயா, இன்னும் அடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

"இந்த ஓரம் விட்டுப்போச்சு. அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க."

சலூன்காரர் பிடித்தார். அடித்து முடித்ததும் சலூன்காரரே பலகையைத் திருப்பி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார். விலகிய இடத்தின் மேலும் கை போயிற்று, நிற்கவில்லை.

"அங்க ஒரு இடத்துல தையல் ஒதுங்கியிருக்கு" என்றார் ஸ்கேல். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்க?" குனிந்து தேடினார். காட்டிய பிறகும் சரியாகப் பிடிபடவில்லை. "அட போங்கய்யா. என் நாற்காலில உக்கார்றவன் எதிர்ல இருக்கற கண்ணாடில தன் மூஞ்சியப் பாக்கவே நேரம் பத்தாது. முதுகுக்குப் பின்னாலயா பாக்கப் போறான்?"

"உங்க மாமா பாப்பாரு."

"பாத்தாப் பாக்கட்டும். பஸ் வச்சிருக்கறவருக்குத் தெரியாதா, பஸ் சீட்டு என்ன கதி ஆகும்னு?" என்று சிரித்தவர், "நீங்க தச்சதா?" என்று கேட்டார்.

"ஒரு சீட்டுதான் நான். மத்ததெல்லாம் என் பொண்ணு. இதுவும் அவ தச்சது."

ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கொடுத்தார். சலூன்காரர் வாங்கி, இடையில் பழைய துணி வைத்து, வண்டியில் அடுக்கினார். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கடைசியாக அந்த முதுகுப் பலகை. வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் நீட்டினார். சலூன்காரர் மறுமுனையைப் பற்றிக்கொண்டார். பலகை இருவர் கைகளுக்கும் நடுவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"பிடிச்சுட்டேன் ஐயா. விடுங்க."

அவர் முதலில் இடது கையை எடுத்தார். பிறகு வலது கையை.